பன்னிரண்டு கிலோ வீடு

சிவந்தான்பேட்டை மொத்தச் சந்தையில், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்கு, சற்குணம் அண்ணாச்சியின் ஏஜென்சி குடோன் வாசலில் நின்ற லாரியிலிருந்து பன்னிரண்டு கிலோ அட்டைப்பெட்டி ஒன்றைத் தோளில் வாங்கிய மூக்காண்டி, ஒரு முழு வீட்டைத் தோளில் வாங்கினார். இதில் வாயைப் பிளக்க ஒன்றுமில்லை. சந்தை என்றால் எல்லாம் வரும். பஞ்ச வருஷத்தில் உரிக்கும் முன்னாலேயே தானாக அழுத வெங்காயம் அங்கே வந்திருக்கிறது, ஆற்றுப் பாலத்தைக் கடக்க மாட்டேன் என்று சாக்குக்குள்ளேயே முளைத்து நின்ற கொத்தமல்லி வந்திருக்கிறது. வீடு மட்டும் அதுவரை வந்ததில்லை, அன்றைக்கு வந்தது, அவ்வளவுதான் விஷயம்.

மூக்காண்டி அந்தச் சந்தையில் பதினேழாம் நம்பர் சுமைக்காரர். பதினேழு என்று பொறித்த பித்தளை வில்லை அவருடைய இடது கையில் கயிற்றால் கட்டியிருக்கும். வில்லை இல்லாதவன் சந்தைக்குள் ஒரு வாழைத்தாரைக்கூடக் கூலிக்குத் தூக்க முடியாது. இருபத்தெட்டு வருஷம் சுமந்த தோள் அது. கண்ணைக் கட்டிவிட்டு மூடையை ஏற்றினாலும் என்ன சரக்கு, எந்தப் பக்கத்துச் சரக்கு என்று சொல்லிவிடும். நெல் மூடை உட்காரும், உப்பு மூடை கடிக்கும், பஞ்சுப் பொதி ஏமாற்றும், வெல்லச் சிப்பம் வழியெல்லாம் ஒட்டிக்கொண்டே வரும். அண்ணாச்சி ஏஜென்சி எடுத்திருந்த பெல்மரா கம்பெனியின் பெட்டியோ சுமைக்காரர்களுக்கு ஒரு சுமையே கிடையாது. பாட்டிலில் வருகிற ஆரஞ்சுக் கலர், வாசனைச் சோப்பு, பிள்ளைகளுக்குப் போடுகிற பவுடர், எதுவானாலும் பெட்டிக்குப் பன்னிரண்டு கிலோ, மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டே போகலாம்.

அன்றைக்கு ஒரே பெட்டிதான். நாலு அடி நடந்தார். ஐந்தாவது அடியில் கழுத்தெலும்பின்மேல் ஒரு நிலைப்படி வந்து இறங்கியது. நிலைப்படிக்குப் பின்னால் கதவு, கதவைப் பிடித்த சுவர், சுவர்மேல் தளம், தளத்தின்மேல் பாதி நிறைந்த தண்ணீர்த் தொட்டி, ஒரு மூலையில் அடுக்கிய பாத்திரம், இன்னொரு மூலையில் மடித்து வைத்த படுக்கை, எல்லாம் வரிசையாகத் தோளுக்குள் வந்து குடியேறின. மூக்காண்டி பெட்டியைக் கீழே போடவில்லை. போட்டால் உடையும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. முழங்காலை மடித்து, மெல்லத் தரையில் உட்கார்ந்து, தூங்குகிற பிள்ளையைப் பாயில் விடுகிற மாதிரி இறக்கினார்.

“என்ன மாமா, காலையில கஞ்சி குடிக்கலையா?” என்று சிரித்தான் இருளப்பன். சேர்ந்து சுமக்கிற அந்த செட்டில் அவன் வயதில் இளையவன், வாயில் மூத்தவன்.

“சிரிக்காத மாப்ள. இது சரக்கு இல்ல. வீடு.”

இருளப்பன் சிரித்துக்கொண்டேதான் தூக்கப் போனான், சிரிக்காமல் திரும்பி வந்தான். பிறகு செய்யது போனான், பிறகு அந்தோணி, பிறகு ஒருவர் பாக்கியில்லாமல் செட்டில் இருந்த பத்தொன்பது பேரும் தோள் கொடுத்துப் பார்த்தார்கள். நாலு பேர் சேர்ந்தால் ஒரு பெட்டி நகர்ந்தது. தூக்கிக்கொண்டுபோய்த் தராசில் வைத்தால், தராசு கொஞ்சமும் கூச்சப்படாமல் பன்னிரண்டு என்றது.

அப்போதுதான் மூக்காண்டி அந்தத் தப்பைச் செய்தார். சுமைக்காரன் ஒருக்காலும் செய்யக்கூடாதது ஒன்று உண்டென்றால் அது சரக்கின் ஒட்டைப் பிரிப்பது. எலி கடித்துத் தானியம் கொட்டுகிற மூடையைக்கூட இரண்டு சாட்சியை நிறுத்திவிட்டுத்தான் தொடுவார்கள், ஏனென்றால் பிரித்த மூடைக்குப் பக்கத்தில் நிற்கிற சுமைக்காரனை இந்த உலகம் என்ன பேர் சொல்லிக் கூப்பிடும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் கம்பெனிக்காரன் உள்ளே கருங்கல்லை வைத்து அனுப்பியிருக்கிறானா என்று பார்த்துவிடுவோம் என்று ஆளாளுக்குச் சொல்ல, மூக்காண்டி இடுப்பில் இருந்த கொக்கியை எடுத்து ஒட்டுநாடாவைக் கிழித்தார். உள்ளே இருபத்துநாலு பாட்டில் ஆரஞ்சுக் கலர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வரிசை கலையாமல் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே பின்னால் சற்குணம் அண்ணாச்சியும் நின்றார்.

“பெட்டியப் பிரிச்சது யாரு?”

“நாந்தான் அண்ணாச்சி.”

அண்ணாச்சி குனிந்து பெட்டியை ஒரு கையால் எடுத்தார். மேலே தூக்கி, இடம் வலம் ஆட்டிப் பார்த்து, மறுபடியும் வைத்தார்.

“எனக்குக் கனக்கலையே மூக்காண்டி. தீவாளி நேரத்துல கூலி கூட்டிக் கேக்கணும்னா நேரா கேளு, நான் இல்லைன்னு சொல்லப் போறதில்ல. அத விட்டுட்டு வீடுங்கிற, வாசலுங்கிற. பிரிச்ச பெட்டிக்கு நான் ஸ்டேஷனுக்குப் போனா உன் வில்லை என்னத்துக்கு ஆகும்?”

அண்ணாச்சி கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். செட்டில் யாருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும் முதலில் ஆஸ்பத்திரிக்கு வருகிற கார் அவருடையதுதான். பொய்யும் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே கனக்கவில்லை.

மூக்காண்டிக்கு மட்டும் அது வீடுதான் என்று எப்படிச் சட்டென்று தெரிந்தது என்றால், அவர் ஒரு வீட்டைச் சுமந்திருக்கிறார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நாலுவழிச் சாலைக்காகக் கீழத்தெருவில் முப்பத்தோரு வீட்டுச் சுவரில் சிவப்புக் கோடு போட்டார்கள், போட்ட நாலாம் நாள் மஞ்சள் இயந்திரம் வந்துவிட்டது, ஊருக்கெல்லாம் சுமந்தவருக்குத் தன் வீட்டைச் சுமக்க ஒரே ஒரு காலைப்பொழுது கிடைத்தது. நிலையைப் பெயர்த்துத் தூக்கினார், கதவைத் தூக்கினார், அம்மியைத் தூக்கினார், தகரப் பெட்டியைத் தூக்கினார், அடுப்புப் புகையில் கறுத்துப்போன சமையல் மூலைச் சுவரை மட்டும் எப்படித் தூக்குவது என்று தெரியாமல் அதன் முன்னால் கையைத் தொங்கவிட்டு நின்றார். அந்த நேரத்தில் அவர் மனைவி சண்முகக்கனி வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். இடிக்கப் போகிற வீட்டுக்கு எதற்கம்மா கோலம் என்று இயந்திரத்தோடு வந்த அதிகாரி கேட்டார். “குப்பையாக் கெடந்த எடத்தத்தான் இடிச்சோம்னு நாளைக்கு நீங்க எழுதிரக் கூடாதுல்ல, அதுக்குத்தான்” என்றாள். அன்றைக்குத் தோளில் ஏறிய கனம் எது என்று மூக்காண்டிக்கு மறக்கவே இல்லை, அதனால்தான் அது மறுபடி ஏறியபோது அடையாளம் தெரிந்தது.

யாருடைய வீடு என்பதும் அவருக்குத் தெரிந்தது. அதைச் சொல்ல அவர் போனது நாகூர்கனி பாயின் டீக்கடைக்கு. ஒரு வருஷமாக அந்தக் கடையில் ஒரு சிலேட்டுப் பலகை தொங்குகிறது. ‘பெல்மரா சரக்கு இங்கே விற்பதில்லை. அந்தக் காசில் பாலஸ்தீனத்தில் வீடு இடிக்கிறார்கள்’ என்று பாய் தன் கோணல் கையெழுத்தில் எழுதியிருந்தார். அங்கே வீடு இடிக்கிற படைக்குக் கம்பெனி பணம் கொடுப்பது ரகசியமெல்லாம் இல்லை, கம்பெனியே தன் வருஷ மலரில் படம் போட்டுப் பெருமைப்பட்டிருந்தது. காசாவில் தெருத்தெருவாக வீடு சரிவதை அதே கடையின் டிவியில் செட்டு முழுக்கப் பார்த்து உச்சுக்கொட்டியதும் உண்டு. ஆனாலும் பாய் கலர் பாட்டிலை எடுத்துவிட்டுப் பானைத் தண்ணீரும் பன்னீர் சோடாவும் வைத்தபோது முதலில் கேலி செய்தவர் மூக்காண்டிதான். “நீரு கலர் விக்கலைன்னா அங்க குண்டு நின்னுருமா பாய்?” என்று கேட்டார். “நிக்காது. என் கல்லா வழியாப் போகாது, அவ்வளவுதான்” என்று பாய் பாலை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

இன்றைக்கு மூக்காண்டி கேலி செய்யவில்லை.

“பாய், மாடியில தண்ணித்தொட்டி இருக்கு. வாசல்ல ஒரு மரம், வேரோட வந்துருக்கு, நம்மூர் மரம் இல்ல. மூணு ரூமு. ஒரு ரூம்ல தொட்டில் கெடக்கு. தொட்டில் கனமே இல்ல பாய், அதான் தாங்க முடியல.”

நான் அன்றைக்கே சொன்னேனே என்று பாய் சொல்லவில்லை. சூடாக ஒரு டீயைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

“அந்தச் சனங்க நம்மகிட்ட துப்பாக்கி கேக்கல, துட்டும் கேக்கல மூக்காண்டி. இடிக்கிறவனுக்குக் காசு குடுக்கிறவன் சரக்க வாங்காதீங்கன்னு மட்டுந்தான் கேட்டாங்க. இருக்கிறதுலயே சின்ன வேலையப் பாத்துக் குடுத்தாங்க நமக்கு.”

அந்த வாரம் முழுக்க ஊர் இந்தக் கனத்தோடு பழகிக்கொண்டது. ஊர் எதோடும் பழகும். தராசுக்கு முத்திரை குத்துகிற இன்ஸ்பெக்டர் வந்து, அரசாங்கத்து எடைக்கல்லை ஒரு பக்கமும் பெட்டியை மறுபக்கமும் வைத்து, முள் நேராக நிற்பதைக் கண்டு திருப்திப்பட்டு, பெட்டியைத் தராசிலிருந்து இறக்கப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, எடை சரியாக உள்ளது, கனம் எங்கள் துறையின் கீழ் வராது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஏற்கெனவே கடைகளுக்குப் போயிருந்த சரக்கும் அதே செவ்வாய்க்கிழமையிலிருந்து கனத்ததால், ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு போன பெண்கள் வழியில் மூன்று இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். இதெல்லாம் மனப்பிரமை என்று நிரூபிக்கப் பெல்மரா பவுடர் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு நடந்த ஓய்வுபெற்ற தாசில்தாருக்கு ஒரு பக்கத் தோள் நிரந்தரமாக இறங்கிப்போய், அதற்கேற்ற மாதிரி அவர் வீட்டில் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். பள்ளிவாசலில் பேசினார்கள், மாதாகோயிலில் பேசினார்கள், அம்மன் கோயில் பூசாரியிடம் குறி கேட்டதற்கு அவர், பிள்ளைகளே, வீட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஏன் வருகிறீர்கள், வீட்டுக்காரனைத் தேடுங்கள் என்று அம்மன் குரலில் சலித்துக்கொண்டார்.

எல்லோருக்கும் கனக்கவில்லை என்பதுதான் இதில் சங்கடம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். ஊரில் பாதிப் பேர் பெட்டியை ஒரு விரலால் நகர்த்தினார்கள். கனக்கிறவர்கள் கனக்காதவர்களைக் கல்நெஞ்சு என்றார்கள், கனக்காதவர்கள் கனக்கிறவர்களை நடிகர் திலகங்களே என்றார்கள், பஸ் ஸ்டாண்டில் இரண்டு சட்டை கிழிந்தது. கடைசியில் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் ரெஜினா சிஸ்டர்தான் அதை முடித்து வைத்தாள். மளிகைக் கடையில் பெல்மரா சோப்பைக் கையில் எடுத்துப் பார்த்து, மறுபடியும் அலமாரியிலேயே வைத்துவிட்டு, வேறு சோப்புக் கேட்டாள். உனக்குக் கனக்குதா சிஸ்டர் என்று கடையில் இருந்தவர்கள் மொய்த்தார்கள்.

“எனக்கு ஒண்ணும் கனக்கல. கனக்குதுன்னு சொல்றவங்கள நம்புறேன். நோயாளி வலிக்குதுன்னு சொன்னா எனக்கு வலிச்சாத்தான் மருந்து குடுப்பேனா?”

இந்தப் பேச்சு அன்று சாயந்திரத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது.

பிரித்த பெட்டியையும் திரும்ப ஏற்றிவிட, லாரியில் வந்த நானூறு பெட்டியும் லாரியிலேயே நின்றது. வியாழக்கிழமை அண்ணாச்சி செட்டைக் கூப்பிட்டு, சனிக்கிழமை காலைக்குள் இறக்கவில்லை என்றால் வெளியாள் வைத்து இறக்கிக்கொள்வேன், அதோடு ஏஜென்சி வேலை அத்தனையும் வெளியாளுக்குத்தான் என்று சொன்னார். வருத்தப்பட்டுத்தான் சொன்னார். கம்பெனி அவரைத் தினமும் போனில் விரட்டிக்கொண்டிருந்தது.

இப்போது சந்தையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சிவந்தான்பேட்டைச் சுமைக்காரர்களில் ஒருவனுடைய தோள் ஒரு சரக்கை மறுத்தால் அவன் தன் துண்டை எடுத்து அதன்மேல் போடலாம். துண்டு விழுந்த சரக்கை எந்த செட்டும் தொடாது. காரணம் கேட்க மாட்டார்கள், தோள் சொன்னால் சொன்னதுதான். ஆனால் அதற்கு விலை உண்டு. துண்டு போட்ட சரக்கை அதற்குப் பிறகு யாராவது சுமந்து குடோனில் சேர்த்துவிட்டால், துண்டு போட்டவனின் தோள் பொய் சொன்னதாக ஆகிவிடும். அவன் வில்லையைக் கழற்றிச் சங்கப் பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டும், திரும்பி வர வழி கிடையாது. அதனாலேயே நாற்பது வருஷத்தில் நாலே தடவைதான் துண்டு விழுந்திருக்கிறது. மூக்காண்டி இதுவரை போட்டதில்லை.

வியாழக்கிழமை சாயந்திரம் வாடகை வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த புருஷனிடம் சண்முகக்கனி கேட்டாள்.

“துண்டு போட்டா என்னங்க ஆகும்?”

“வெளியாள் வந்து தூக்கிட்டா வில்லை போயிரும். சுமக்கிறத விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?”

“போடலைன்னா?”

“தெனமும் யாரு வீட்டையாவது தூக்கணும்.”

சண்முகக்கனி உள்ளே போனாள். தீபாவளிக்கென்று அவருக்கு எடுத்து வைத்திருந்த புதுத் துண்டை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து மடியில் வைத்தாள்.

“பழசப் போடாதீங்க. கிழிஞ்ச துண்டப் போட்டுட்டு வீம்பு பண்றான்னு யாரும் சொல்லிரக் கூடாது.”

வெள்ளிக்கிழமை காலை, சந்தை முழுக்கக் கூடி நிற்க, மூக்காண்டி லாரியில் ஏறி, பச்சைக் கரை போட்ட அந்தப் புதுத் துண்டை உதறி, முன் வரிசைப் பெட்டியின்மேல் விரித்தார். இருளப்பன் மூக்கை உறிஞ்சினான்.

துண்டு அதோடு நிற்கவில்லை. அதே நாள் பதினோரு மணிக்குச் சண்முகக்கனி பாக்கியம் ஸ்டோருக்கு மல்லி வாங்கப் போனவள், தன் பழைய சேலையில் முழ நீளம் கிழித்துக் கொண்டுவந்திருந்ததைப் பெல்மரா சோப்பு அடுக்கின்மேல் விரித்துவிட்டு, மல்லியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். கடைக்காரர் அதை எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் அடுத்து வந்தவள் தன் கைக்குட்டையைப் போட்டாள். கல்லூரிப் பிள்ளைகள் துப்பட்டாவைப் போட்டார்கள், பள்ளிவாசலுக்கு வந்தவர்கள் தலைத்துண்டைப் போட்டார்கள், மாதாகோயில் பெண்கள் முக்காட்டுத் துணியைப் போட்டார்கள், கடலைக்கார வேலம்மாள் கூடையை மூடுகிற ஈரச் சாக்கைப் போட்டாள், ரெஜினா சிஸ்டர் கட்டுப்போடுகிற துணியைப் போட்டாள், ஒரு பக்கம் சரிந்த தாசில்தார்கூட யாரும் பார்க்காத நேரத்தில் வந்து தன் அங்கவஸ்திரத்தைப் போட்டுவிட்டுப் போனார். யாரும் யாரையும் வாங்காதே என்று தடுக்கவில்லை, கடைக்காரனை மிரட்டவில்லை, ஒரு கண்ணாடி உடையவில்லை. வேண்டுமென்றால் துணியை விலக்கி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த வீட்டுக்காரியின் சேலைத்துணியை விலக்கி ஒரு சோப்பை எடுக்க அந்த ஊரில் கை வரவில்லை. சாயந்திரத்துக்குள் இருநூற்றுப் பதினோரு கடையில் பெல்மரா அடுக்குகள் எல்லாம் துணி போர்த்திக்கொண்டு நின்றன.

சனிக்கிழமை வெளியாட்கள் வந்தார்கள். ஒடிசாக்காரர்கள், எட்டுப் பேர், பக்கத்து ஊர் நூல் மில்லில் வேலை பார்த்தவர்கள். அவர்களுக்குத் துண்டும் தெரியாது, வழக்கமும் தெரியாது, தூக்கச் சொன்னால் தூக்குகிற பிழைப்பு. அவர்களைத் திட்ட வாயெடுத்த இருளப்பனை மூக்காண்டி தடுத்தார். “அவங்களும் சுமக்கிறவங்கதான் மாப்ள, வாய வச்சுக்கிட்டு சும்மா நில்லு” என்றார். சொன்னாரே தவிர, அவருடைய வலது கை இடது கை வில்லையை இறுகப் பிடித்திருந்தது.

அவர்களில் தலைவன் மாதிரி இருந்தவன் ஜகபந்து. நாற்பது வயதிருக்கும், ஒல்லி, தோளில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு. மூக்காண்டியின் துண்டை மரியாதையாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அடியில் இருந்த பெட்டியைத் தோளில் ஏற்றினான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு அடி நடந்தான். ஐந்தாவது அடியில் நின்றான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து அண்ணாச்சியே ஒரு எட்டு முன்னால் வந்தார். ஜகபந்து முழங்காலை மடித்து, உட்கார்ந்து, பெட்டியை மெல்லத் தரையில் இறக்கி, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, அங்கே நின்ற எல்லோரையும் சுற்றிப் பார்த்தான்.

“இது யாரு வீடு?” என்று கேட்டான்.

மூக்காண்டி வில்லையிலிருந்து கையை எடுத்தார். அவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

“உனக்கு எப்பிடித் தம்பி தெரியும்?”

“என் வீடு போச்சு. நிலக்கரி எடுக்க மிஷின் வந்துச்சு. எல்லாம் நான்தான் தூக்குனேன். இதே கனம் அண்ணா.”

அவன் தன் சிவப்புக் கட்டத் துண்டை எடுத்துப் பெட்டியின்மேல் போட்டான். மூக்காண்டியைப் பார்த்துப் போட்டானா, அவன் ஊரிலும் அப்படி ஒரு வழக்கம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. மற்ற ஏழு பேரும் லாரியை விட்டு இறங்கினார்கள். சந்தை ஒரு பெரும் சத்தம் போட்டது, வெங்காய மண்டியில் புறா எல்லாம் பறந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் சற்குணம் அண்ணாச்சிக்கும் ரோஷம் உண்டு. “நீங்க யாரும் தூக்க வேண்டாம். எனக்குக் கனக்கல. நானே தூக்குறேன்” என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டி, அறுபத்திரண்டு வயதில் முதல்முறையாக அவர் ஒரு சரக்கைத் தோளில் ஏற்றினார். இரண்டு துண்டையும் எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, ஒவ்வொரு பெட்டியாக, காலையிலிருந்து இருட்டுகிறவரை, மறுநாள் ஞாயிற்றுக்கிழமையும், நானூறு பெட்டியை அவர் ஒருவரே சுமந்தார். வியர்த்ததே தவிர அவருக்குக் கனக்கவே இல்லை. அவர் ஒரு முதியவர் பன்னிரண்டு கிலோ தூக்குகிற மாதிரி தூக்கினார், மற்றவர்களுக்கு ஒரு மனிதர் ஒரு தெருவையே உள்ளே கொண்டுபோய் அடுக்குவது தெரிந்தது. யாரும் அவரைத் தடுக்கவில்லை. நானூறாவது பெட்டி உள்ளே போனதும் குடோன் கதவு சாத்தப்பட்டது.

வழக்கம் வழக்கம்தான். மூக்காண்டி சங்க அறைக்குப் போய், கயிற்றை அவிழ்த்து, பதினேழாம் நம்பர் வில்லையைப் பெட்டிக்குள் போட்டார். சங்கத் தலைவர் வேண்டாம் என்று கையைப் பிடித்தார். சுமைக்காரன் தூக்கவில்லையே, முதலாளிதானே தூக்கினார், இது வழக்கத்தில் சேராது என்று இருளப்பன் சண்டை போட்டான். “யாராவது தூக்கிட்டான்னுதான் சொல்லிருக்கு. நமக்குத் தோதா வளைச்சுக்கிட்டா அப்புறம் அது துண்டு இல்ல, வெறும் துணி” என்று சொல்லிவிட்டு மூக்காண்டி படியிறங்கினார். இடது மணிக்கட்டில் வில்லைக் கயிறு கிடந்த இடம் வெளிறிப்போய்த் தெரிந்தது. அன்றைக்கு அவர் அழுதார். சண்முகக்கனி தேற்றவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அவளும் அழுதாள்.

மறுநாளிலிருந்து மூக்காண்டி நாகூர்கனி பாயின் கடைக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். குடோனில் நானூறு பெட்டி நின்றது. ஒரு கடைக்காரரும் கேட்கவில்லை. கேட்டு எங்கே வைப்பது, அடுக்கு முழுக்க ஊரின் துணி கிடக்கிறது. தீபாவளி வந்து போனது. அன்றைக்குச் சிவந்தான்பேட்டையில் விருந்தாளிகளுக்குப் பானகமும் பன்னீர் சோடாவும் கொடுத்தார்கள், பக்கத்து ஊர்களிலும் அடுக்குகளில் துண்டு விழ ஆரம்பித்துவிட்டதாகச் செய்தி வந்தது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று பாய் தன் சிலேட்டில் கீழே ஒரு வரி சேர்த்தார்.

கார்த்திகை பிறந்து நாலாம் நாள் அண்ணாச்சி டீக்கடைக்கு வந்தார். அதுவரை அவர் அந்த பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. மெலிந்திருந்தார்.

“ஒண்ணு கேக்கணும் மூக்காண்டி. நானூறு பெட்டி தூக்குனேன். ஒண்ணுல, ஒரே ஒண்ணுலயாவது, எனக்கு ஏன் கனக்கல?”

மூக்காண்டி குடத்தை இறக்கி வைத்தார். அந்தக் கேள்வியில் இருந்த வேதனை அவருக்குப் புரிந்தது.

“உங்க வீடு ஒண்ணும் இடிஞ்சதில்ல அண்ணாச்சி. இடியவும் வேண்டாம், நல்லாருங்க. ரெஜினா சிஸ்டருக்கும்தான் கனக்கல. அவ நம்புனா.”

அண்ணாச்சி எழுந்து குடோனுக்குப் போனார். பூட்டைத் திறந்து, தோளில் கிடந்த சரிகைத் துண்டை எடுத்து, பெட்டிகளின்மேல் அவரே போட்டார். அங்கே நின்றபடியே கம்பெனிக்குப் போன் செய்து, உங்கள் சரக்கை எடுத்துக்கொள்ளுங்கள், இந்த ஏஜென்சி எனக்கு வேண்டாம் என்றார்.

கம்பெனி லாரி வந்தது. கூடவே டை கட்டின ஒரு அதிகாரியும் வந்து, ஏற்றுங்கள் என்று அவசரப்படுத்தினார். திருப்பி அனுப்பும்போது இந்தக் கனம் குறைந்திருக்கும் என்று நினைத்தவர்கள் உண்டு, அப்படி ஒன்றும் குறையவில்லை, ஒரு செங்கல்கூடக் குறையவில்லை. ஆனால் அன்றைக்குப் பத்தொன்பது பேர் செட்டும் வந்தது, எட்டு ஒடிசாக்காரர்களும் வந்தார்கள், கனக்கிறவர்கள் வந்தார்கள், கனக்காமல் நம்பினவர்களும் வந்து தோள் கொடுத்தார்கள். பெட்டிக்கு நாலு பேர், அடி அடியாக, ஒன்றும் உடையாமல் கொண்டுபோனார்கள். நடுவில் சங்கத் தலைவர் பதினேழாம் நம்பர் வில்லையோடு வந்தார். சரக்கே திரும்பிப் போகிறது, உன் தோள் பொய் சொல்லவில்லை என்று சங்கம் கூடி முடிவு செய்துவிட்டது, கையை நீட்டு மூக்காண்டி என்றார். மூக்காண்டி வில்லையை வாங்கினார். ஒரு தடவை கட்டைவிரலால் துடைத்தார். ஜகபந்துவைக் கூப்பிட்டு, அவன் இடது கையில் கட்டி, முடிச்சை இறுக்கினார்.

“யாரு வீடுன்னு கேட்டவன் கையில இருக்கட்டும்” என்றார்.

நானூறாவது பெட்டியை அவர் யாரையும் தொட விடவில்லை. வில்லை இல்லாத கையோடு, கூலி இல்லாத சுமையாக, தனியாகத் தூக்கினார். வீடு ஏறியது. நிலைப்படி, கதவு, தொட்டி, மரம் எல்லாம் ஏறியது. லாரிப் பலகையில் கால் வைத்தபோது தோளில் கனம் லேசாக இடம் மாறியது. ஒரு ரூமிலிருந்து இன்னொரு ரூமுக்கு, வெறுங்காலோடு, அவசரமில்லாமல், யாரோ நடந்து போனார்கள். மூக்காண்டி அப்படியே நின்றார். சமையல் மூலையில் ஒரு பாத்திரத்தை யாரோ எடுத்து வைத்தார்கள். அவர் அந்தப் பெட்டியை, வாசல் வெளிச்சத்தைப் பார்க்கிற மாதிரி திருப்பி, லாரித் தரையில் மெல்ல உட்கார வைத்தார்.

அவர் கீழே இறங்கியதும் அந்த அதிகாரி கிளம்பு கிளம்பு என்று லாரியைத் தட்டினார். மூக்காண்டி போய் அந்தக் கையைப் பிடித்தார்.

“மெதுவாப் போகச் சொல்லுங்க சார். உள்ள ஆள் இருக்கு.”